பொருத்தியவர் கையெழுத்து

அத்தியாயம் 6

மெயின் பெட்டியின் மூடியைத் திறந்த மேஜர் ஒரோஸ்பெக் இரண்டடி பின்னால் போனார்.

முப்பத்தோரு வருடம் காவல்துறையில் இருந்தவர். ஆற்றில் மிதந்து வந்ததையும் தண்டவாளத்தில் கிடந்ததையும் முகம் சுளிக்காமல் பார்த்தவர். ஆனால் அந்தத் தகரப் பெட்டிக்குள் இருந்ததைப் பார்த்ததும் அவருடைய வாய் சிறிது நேரம் வேலை நிறுத்தம் செய்தது. அவரை அறிந்தவர்களுக்கு அது பெரிய செய்தி.

"குடல் சரிஞ்ச மாதிரி இருக்கே," என்றாள் பெர்மெத். "மேஜர், இதுக்கு எலக்ட்ரீஷியன் பத்தாது. சர்ஜனைக் கூப்பிடணும்."

பெர்மெத் அவருடைய உதவியாளர். பத்து வருடம் ஆம்புலன்ஸ் தொலைபேசியில் உட்கார்ந்து, சாகிறேன் என்று அலறுகிறவர்களில் நிஜமாகவே சாகப்போகிறவர் யார் என்று குரலை வைத்தே கண்டுபிடித்தவள். மேஜர் ஓய்வுபெற்று துப்பறியும் நிலையம் திறந்தபோது அவளைச் சேர்த்துக்கொண்டார். அதற்கு அவர் இன்னும் வருந்தி முடிக்கவில்லை.

தலைக்கு மேல் விளக்கு ஒருமுறை வெளிறி, பிறகு கண் கூசும்படி எரிந்து, மறுபடி மங்கியது.

"பாத்தீங்களா பைகே?" என்றாள் வீட்டுக்காரி புருல், மேஜரை ஊர் வழக்கப்படி அண்ணன் என்று அழைத்து. கம்பளிச் சால்வையை இறுக்கிப் பிடித்திருந்தாள். "பத்தொம்பது நாளா இப்படித்தான். வாஷிங் மெஷின் போச்சு. ஃபோன் சார்ஜர் மூணு போச்சு. நேத்து ஃப்ரிட்ஜ் ஏதோ பேசிச்சு, அப்புறம் பேசல."

ஒன்பது வருடம் மாஸ்கோவில் மற்றவர்களின் மாடிப்படிகளைத் துடைத்து, பிஷ்கெக் நகரின் ஓரத்தில் இந்த வீட்டை வாங்கியிருந்தாள். அக்காள் வீட்டில் வளர்ந்துகொண்டிருந்த தன் இரண்டு பெண்களையும் அழைத்து வந்து பத்தொன்பது நாள்தான் ஆகிறது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு. வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் மின்சாரத்தில் ஓடுகிறது. அந்த மின்சாரத்தை இன்று மூன்று மணிக்கு வந்து கம்பத்திலேயே வெட்டிவிடுவதாக மின்வாரிய ஆய்வாளர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வெட்டினால் மறுபடி மனு கொடுக்க ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டும். பெண்கள் மறுபடி அக்காள் வீட்டுக்கு.

மணி பதினொன்று இருபது.

கவிழ்த்த வாளியின் மேல் திருப்புளியோடு உட்கார்ந்திருந்த ரினாத் கொட்டாவி விட்டான். தாத்தாரிய எலக்ட்ரீஷியன். காலை ஒன்பதிலிருந்து அந்த வாளியிலேயே இருந்தான்.

"எனக்கு அரை மணி நேர வேலை," என்றான். "எல்லாத்துக்கும் காரணம் அதோ, அந்த நியூட்ரல் ஜாயிண்ட். அலுமினியக் கம்பியையும் செம்புக் கம்பியையும் பொண்ணு சடை பின்னுற மாதிரி பின்னி வச்சிருக்கான். இறுக்கமும் இல்ல. அது ஆடுறப்பல்லாம் வோல்டேஜ் ஏறி இறங்குது. வெட்டி எறிஞ்சிட்டு புதுசா இறுக்கினா முடிஞ்சது. ஆனா ஆய்வாளர் அது மேல சீல் வச்சிட்டாரு. தொட்டா என்னை உள்ள வைப்பாங்க."

"சீலை எப்ப எடுப்பாரு?" என்றாள் பெர்மெத்.

புருல் ஒரு படிவத்தை நீட்டினாள். மேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நீதிமன்றத்தில் வாசிப்பதுபோல வாசித்தார். பிரதான இணைப்பில் பிழை காணப்பட்டால், அதைப் பொருத்தியவர் நேரில் வந்து ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். கையெழுத்து கிடைத்தால் அது வேலைப் பிழை, அன்றே திருத்தலாம். கிடைக்காவிட்டால் அது வீட்டுக்காரரின் பிழை; துண்டிக்கப்படும்.

"அதாவது, தீப்பிடிச்ச வீட்டை அணைக்கணும்னா முதல்ல தீ வச்சவன் வந்து அனுமதி குடுக்கணும்," என்றாள் பெர்மெத்.

"சட்டத்தைக் கேலி பண்ணாதே."

"நான் எங்க பண்றேன்? அதுவே பண்ணிக்குது."

வீட்டை விற்றவர் எசென்குல் என்ற பெரியவர். புருல் அவரிடம் இரண்டு முறை போய்க் கேட்டிருக்கிறாள். இரண்டு முறையும் தேநீர் கொடுத்து, பொரித்த மாவுருண்டை கொடுத்து, பெண்களின் படிப்பை விசாரித்து, பெட்டியைப் பொருத்தியது யார் என்பதை மட்டும் சொல்லாமல் அனுப்பியிருக்கிறார். அதனால்தான் துப்பறியும் நிலையத்தைத் தேடி வந்திருந்தாள்.

"கவலைப்படாதே தங்கச்சி," என்றார் மேஜர். "மனிதன் பொய் சொல்வான். கம்பி சொல்லாது."

பூதக்கண்ணாடி வெளியே வந்தது. பெர்மெத் கூரையைப் பார்த்துக்கொண்டாள். பூதக்கண்ணாடி வந்தால் பத்து நிமிடச் சொற்பொழிவு பின்னாலேயே வரும்.

"குறிச்சுக்கோ. இந்தக் கம்பி இடப்பக்கமா முறுக்கியிருக்கு. ஆள் இடது கைக்காரன். இங்க சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுத்தியிருக்கான். சைக்கிள் ஓட்டுறவன். இங்க மிட்டாய்க் காகிதம். இனிப்புப் பிரியன். மேல இருக்கிற ஆணி ஸ்டூல் இல்லாம அடிச்சது. ஆறடிக்குக் குறையாது."

"கீழ இருக்கிற ஆணி?"

மேஜர் குனிந்து பார்த்தார். அது அண்ணாந்து அடித்ததுபோல மேல்நோக்கி வளைந்திருந்தது.

"அது... உக்காந்துகிட்டு அடிச்சிருக்கான்."

"இந்தக் கம்பி வலப்பக்கமா முறுக்கியிருக்கே?"

"கை வலிச்சிருக்கும்."

"மேஜர், நீங்க சொல்ற ஆளு ஆறடி உயரமான குள்ளன். ரெண்டு கையும் இடது கை, ரெண்டும் வலது கை. சைக்கிள்ல உக்காந்து மிட்டாய் தின்னுகிட்டே ஆணி அடிக்கிறான். இவனைப் பிடிக்க வேண்டாம், சர்க்கஸ்ல டிக்கெட் எடுத்தா போதும்."

ரினாத் வாளியிலிருந்து விழப் பார்த்தான். மேஜரின் காது சிவந்தது.

பெர்மெத் பெட்டிக்குள் தலையை நுழைத்தாள். நாலாவது கம்பியின் மேல் கறுப்பு நூலால் ஒரு கட்டு. இரட்டை முடிச்சு, அதன் மேல் ஒற்றை, நுனி ஒட்ட வெட்டியது.

"இந்த முடிச்சை எனக்குத் தெரியும். தையல் போடுற டாக்டருங்க போடுறது. ஆனா நூல் இவ்வளவு தடி. இதை மனுஷத் தோல்ல போட்டா கேஸ் போட்டுருவாங்க. எஜே, இந்தத் தெருவுல ஆட்டுக்கு, மாட்டுக்கு வைத்தியம் பாக்கிறவங்க யாராவது?" என்றாள், புருலை அக்கா என்று விளித்து.

"மூலை வீடு," என்றாள் புருல். "எர்னிஸ்."

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்," என்றார் மேஜர்.

*

கால்நடை வைத்தியர் எர்னிஸ் கதவைத் திறந்தார். மேஜரைப் பார்த்தார். ஒரு கணம் திகைத்தார். அடுத்த கணம் இரண்டு கைகளாலும் மேஜரின் கையைப் பற்றி, உள்ளே இழுத்து, வாசலுக்கு எதிரே உள்ள மரியாதை இடத்தில் இரண்டு மெத்தைகளை அடுக்கி உட்கார வைத்தார். பெர்மெத்துக்கு ஒரு மெத்தைகூடக் கிடைக்கவில்லை.

"நாலாவது கம்பி நீதானே கட்டினது?" என்றார் மேஜர், மெத்தையில் சாய்ந்தபடி.

"ஆமா பைகே. நாலாவது மட்டும்."

"மட்டும்னா?"

"அது அஷார் ஆச்சே பைகே! எசென்குல் பைகே வீடு கட்டுறப்ப ஊரே கூடி உதவிச்சு. பதிமூணு கம்பி, பதிமூணு பேரு. எனக்கும் ஒண்ணு குடு, எனக்கும் ஒண்ணு குடுன்னு. அஷாருக்கு வந்தவன வேண்டாம்னு சொல்ல முடியுமா? மேஸ்திரிக்கு ஒண்ணு, பேக்கரிக்காரருக்கு ஒண்ணு, பஸ் டிரைவருக்கு ஒண்ணு."

"எலக்ட்ரீஷியனுக்கு?"

"எலக்ட்ரீஷியன் அன்னிக்கு சுவருக்கு மண்ணு குழைச்சாரு. அவருக்குக் கம்பி மிஞ்சல."

பெர்மெத் கையால் வாயை மூடிக்கொண்டாள். மேஜரின் ஆறடிக் குள்ளன் பதின்மூன்று துண்டாக உடைந்து விழுந்தான். ஆனால் மேஜர் அசரவில்லை. அசருவதற்கு நடந்ததைக் கவனிக்க வேண்டும்.

"நியூட்ரல் கம்பி? அந்தப் பிரதான ஜாயிண்ட்? அதைப் பின்னினவன் யாரு?"

எர்னிஸின் முகம் மாறியது. மேஜரைப் பார்த்தார். தேநீர்க் கோப்பையைப் பார்த்தார். அடுப்பங்கரையில் படுத்திருந்த பூனையைப் பார்த்தார்.

"அதை நான் சொல்லக்கூடாது பைகே. எசென்குல் பைகேவைக் கேளுங்க. இன்னும் கொஞ்சம் டீ?"

மேஜர் மிரட்டினார். சட்டப் பிரிவு எண்கள் சொன்னார். எர்னிஸ் தலை குனிந்து கேட்டுக்கொண்டு, வழியனுப்பும்போது மேஜரின் மேல்கோட்டைத் தானே எடுத்துப் போட்டுவிட்டார்.

காரில் ஏறியதும் மேஜர் ஸ்டீயரிங்கை ஓங்கிக் குத்தினார். ஹோண்டா வலியில் ஒரு ஹாரன் கொடுத்தது.

"புரிஞ்சுதா? ஊரையே வாயடைக்க வச்சிருக்கான். பெரிய கை. பேரைச் சொல்லவே பயப்படுறாங்க. ஜெயில்ல இருந்து வந்தவனா இருக்கும், இல்ல அமைச்சரோட மச்சானா இருக்கும்."

"எனக்கு அப்படித் தோணல," என்றாள் பெர்மெத். "பயந்த குரல் எனக்குத் தெரியும். பத்து வருஷம் அதைத்தான் கேட்டேன். இது பயம் இல்ல மேஜர். விருந்தாளியோட மீசையில சூப்பு ஒட்டியிருந்தா வீட்டுக்காரர் முழிப்பாரு பாருங்க, அந்த முழி."

"உனக்கு அனுபவம் பத்தாது."

மணி பன்னிரண்டரை. எசென்குல் இப்போது மகள் வீட்டில், நகரத்தின் மறுகோடியில் இருந்தார். பாலத்தருகே நிலக்கரி லாரி ஒன்று குறுக்கே சறுக்கி நின்றிருந்தது. நாற்பது நிமிடம் ஹோண்டா நகரவில்லை. புருல் மூன்று முறை அழைத்தாள். மூன்றாவது முறை மணி என்ன என்று மட்டும் கேட்டாள்.

"எஜே, வந்துகிட்டே இருக்கோம்," என்றாள் பெர்மெத். அவள் குரலில் கேலி இல்லை.

*

"வாங்க, வாங்க! மறுபடியும் உங்க கால் எங்க வாசல்ல பட்டுதே!" என்றார் எசென்குல். எழுபது வயது. வெண்தாடி. கண்ணில் நீர் துளிர்த்திருந்தது.

மறுபடியும் என்ற சொல்லில் பெர்மெத்தின் காது நிமிர்ந்தது. மேஜர் அதை உபசாரமாக எடுத்துக்கொண்டார். உபசாரத்தில் அவர் எதையும் கழித்துப் பார்ப்பதில்லை.

"பெரியவரே, நேரம் இல்ல. நியூட்ரல் கம்பியைக் கட்டினது யாரு?"

எசென்குல் தாடியைத் தடவினார்.

"அந்தப் பேரை என் வாயால சொல்ல மாட்டேன் பைகே. கையெழுத்துதானே வேணும்? நானே கட்டினேன்னு எழுதிக்கிறேன். பேனாவைக் குடுங்க."

"பொய் வாக்குமூலம்!" மேஜர் எழுந்தே விட்டார். "யாரையோ காப்பாத்துறீங்க. நான் சொல்றேன் கேளுங்க, அவன் கோழை! தன் கையால கெடுத்த வேலைக்கு ஒரு வெண்தாடியைக் கையெழுத்துப் போட வச்சு, எங்கயோ உக்காந்து கறி தின்னுகிட்டு இருக்கிறவன். அவனுக்குக் கம்பியும் தெரியாது, வெக்கமும் தெரியாது!"

"அப்படிச் சொல்லாதீங்க," என்று பெரியவர் கெஞ்சினார். "அவரு ரொம்ப நல்லவரு. நாப்பது நிமிஷம் வாழ்த்திப் பேசினாரு."

"நாப்பது நிமிஷமா?" என்றாள் பெர்மெத் மெல்ல.

அவள் மேஜரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். பேரன் பேத்திகளின் படங்கள், கல்யாணப் படங்கள், நடுவில் சட்டமிட்ட பெரிய படம் ஒன்று. நெருங்கிப் போனாள்.

கூரை இல்லாத வீடு. செங்கல் சுவர். சுற்றிலும் மண் அப்பிய ஆட்கள், எல்லோரும் கை தட்டிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் ஒருவர்: தலையில் வெள்ளைக் கம்பளித் தொப்பி, தோளில் போர்த்திய அங்கி, கொழுப்பு மினுமினுக்கும் கன்னம். ஒரு கையில் அலுமினியக் கம்பி, மறு கையில் செம்புக் கம்பி. காமிராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பின்னிக்கொண்டிருந்தார்.

"மேஜர், குற்றவாளி அகப்பட்டுட்டான்," என்றாள் பெர்மெத். "ஆறடி இல்ல. அஞ்சே முக்கால். அப்ப தொப்பை கொஞ்சம் கம்மி."

மேஜர் வந்து பார்த்தார்.

பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அந்த வீட்டுக்கு... கூரை இல்லையே," என்றார் கடைசியில்.

"அப்புறமா போட்டோம் பைகே," என்றார் எசென்குல் பரிவோடு. "அப்ப நீங்க வேலையில இருந்தீங்க. அந்த வழியா ஜீப்புல போனீங்க. மேஜரே வந்திருக்காருன்னு நாங்கதான் கையைப் பிடிச்சு இறக்கினோம். ஆட்டோட ஜம்பாஷ் எலும்பை உங்களுக்குத்தான் வச்சோம். மொதல் கம்பியையும் பெரிய விருந்தாளி கையால கட்டினா வீட்டுக்கு நல்லதுன்னு சொன்னோம். நீங்களும் மறுக்கல."

மறுத்திருக்கமாட்டார். அந்த வருடம் பதினேழு வீடுகளில் அவருக்கு ஜம்பாஷ் வைத்தார்கள். இடுப்பெலும்பும் சுற்றியுள்ள கறியும், கூட்டத்தில் மரியாதைக்குரிய மூத்தவருக்கு மட்டும் போகும் துண்டு. எலும்புகள் அவருக்கு நினைவிருந்தன. வீடுகள் இல்லை.

"சரி, அப்புறம் ஒரு எலக்ட்ரீஷியனை விட்டு இறுக்கியிருக்கலாமே!"

"நீங்க கட்டினதை அவுக்கிறதா?" எசென்குல் அதிர்ந்துபோனார். "விருந்தாளி கையை அவமானப்படுத்தின மாதிரி ஆகாதா? யாரும் தொடமாட்டேன்னுட்டாங்க. ஆறு வருஷம் ஓட்டினோம். ரெண்டு டிவி போச்சு. லைட்டு மினுக்கும்போதெல்லாம் உங்களை நினைச்சுக்குவோம்."

"விக்கிறப்பவாவது புருல் எஜேகிட்ட சொல்லியிருக்கலாம்," என்றாள் பெர்மெத். இப்போது அவள் சிரிக்கவில்லை. "அந்த வீட்டுல ரெண்டு பொண்ணுங்க தூங்குதுங்க."

பெரியவரின் கை தாடியிலேயே நின்றது.

"சொன்னா யாரு கட்டினதுன்னு கேப்பா," என்றார் தாழ்ந்த குரலில். "தப்புதான் மகளே. அதான் நானே கையெழுத்துப் போடுறேங்கிறேன்."

மணி இரண்டு ஐந்து.

*

திரும்பும் வழியில் ஹோண்டாவில் மூன்று பேர். எசென்குல் பிடிவாதமாகப் பின்சீட்டில் ஏறிக்கொண்டிருந்தார். மேஜர் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினார். பெர்மெத் அவரைச் சீண்டவில்லை. ஆம்புலன்ஸ் காலத்தில் கற்றது: எதிர்முனையில் ஆள் தானே முடிவெடுக்கும் நேரத்தில் வாயைத் திறக்கக் கூடாது.

புருல் வீட்டு வாசலில் ஏணியோடு ஒரு வண்டி ஏற்கனவே நின்றிருந்தது. ஒருவன் காலில் இரும்புக் கொக்கிகளைக் கட்டிக்கொண்டு கம்பத்தை அளவெடுத்துக்கொண்டிருந்தான். ஆய்வாளர் சமாத் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி முற்றத்தில் குதித்துக் குதித்து நின்றார். குளிர்.

"மணி மூணு ஆகுது. ஆள் கிடைச்சாரா இல்லையா?"

"நான்தான்," என்றார் எசென்குல், முன்னால் வந்து.

"யாரா இருந்தாலும் சரி, போடுங்க. கால் மரத்துப்போச்சு."

புருல் யாரையும் பார்க்கவில்லை. படிவத்தை மட்டும் பார்த்தாள். எசென்குல் பேனாவுக்குக் கை நீட்டினார். அவர் போட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். விளக்கு எரியும், பெண்கள் இருப்பார்கள், மேஜரின் பெயர் பளபளவென்று மிச்சமிருக்கும். அந்தப் பேனா பெரியவரின் விரலைத் தொட ஒரு சாண் இருந்தது.

மேஜர் அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"நகருங்க. அவனைக் கோழைன்னு சொன்னேன் இல்ல? அந்த வார்த்தையையாவது நான் திரும்ப வாங்கிக்கணும்."

பொருத்தியவர் பெயர்: எழுதினார். பதவி: மேஜர், ஓய்வு. எழுதினார். அடுத்த வரியில் அவர் நின்றார். மின் தொழிலில் தகுதி. முப்பத்தோரு வருடமாக எந்தப் படிவத்திலும் கட்டத்துக்கு வெளியே ஓரம் வரைக்கும் எழுதி, பின்பக்கம் பார்க்கவும் என்று போடுகிற மனிதர்.

'இல்லை' என்று எழுதினார்.

அன்றைக்குக் கேலி செய்ய பெர்மெத் விட்டுக்கொடுத்த ஒரே வாய்ப்பு அது.

புருல் படிவத்தை வாங்கிப் படித்தாள். மேஜரின் பெயரைப் படித்தாள். மறுபடி படித்தாள்.

"நீங்களா?" என்றாள்.

"நான்தான் தங்கச்சி."

அவள் படிவத்தை சமாத்திடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். சமாத் சீலை வெட்டினார். ரினாத் வாளியிலிருந்து எழுந்து, கம்பத்துக்காரனை மேலே ஏற்றி மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லி, அந்தச் சடையை ஒரே வெட்டில் அறுத்தான். கருகிய துண்டு தரையில் விழுந்தது. கைவிளக்கு வெளிச்சத்தில் அலுமினியத்தைச் சுரண்டி, செம்பைச் சுரண்டி, இரண்டும் ஒன்றையொன்று தொடாதபடி தனித்தனித் துளையில் விட்டு, திருகை இறுக்கினான். இறுக்கி, இழுத்துப் பார்த்து, மறுபடி இறுக்கினான். இருபத்தைந்து நிமிடம். இடையில் யாரும் கைதட்டவில்லை, யாரும் வாழ்த்திப் பேசவில்லை. ஒருவேளை அதனால்தான் வேலை சரியாக நடந்ததோ என்னவோ.

"முடிஞ்சது," என்றான் ரினாத். "கம்பத்துலயும் திரும்பக் குடுத்தாச்சு. மெயினைப் போடலாம்."

"அதைப் பெரிய விருந்தாளி கையால..." என்று எசென்குல் தன்னை மறந்து ஆரம்பித்தார். மேஜரின் முழங்கையைப் பிடித்து முன்னால் தள்ளவும் செய்தார். எழுபது வருடப் பழக்கம். ஆறு வருடத்தில் இரண்டு டிவி கற்றுக்கொடுத்தது அதன் முன்னால் எம்மாத்திரம்.

மேஜரின் கை தானாகவே உயர்ந்தது. அதுவும் பழக்கம்தான்.

"கையைக் கீழ போடுங்க பைகே," என்றாள் புருல்.

அந்தத் தெருவில் யாரும் ஒரு விருந்தாளியிடம் அப்படிப் பேசியதில்லை. எசென்குல் கண்ணை மூடிக்கொண்டார். மேஜர் கையைக் கீழே போட்டார்.

புருல் அவரைச் சுற்றிக்கொண்டு வந்து, சுவிட்சைத் தானே மேலே தள்ளினாள்.

விளக்கு எரிந்தது. அடுத்த அறையில் கொதிகலன் முனக ஆரம்பித்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். மினுக்கவில்லை.

புருல் மட்டும் விளக்கைப் பார்க்கவில்லை. பெட்டியின் மூடியைச் சாத்தி, அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு, மேஜர் இன்னும் இரண்டடி தள்ளிப் போகும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.